ஸோனலில் ஒரு மேட்ச் தோற்றால் வருஷமே போச்சு: பள்ளிக் கூடைப்பந்துத் தகுதிப் போட்டிக்கு என் மார்க்

முதலிலேயே மார்க்கைச் சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு இரண்டரை. அந்த இரண்டரையில் ரெண்டு மார்க் எதற்கு என்றால், பெற்றோரிடம் நுழைவுக் கட்டணம் என்று ஒரு பைசா வாங்காமல், யார் சிபாரிசும் கேட்காமல், மைதானத்தில் ரெண்டு கம்பம் நட்டு வைத்திருக்கும் எந்தப் பள்ளியும் பெயர் கொடுத்து ஆடலாம் என்பதற்காக. ஐந்தில் வெட்டிய இரண்டரையை எங்கே வெட்டினேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

என் மகள் பதினொன்றாம் வகுப்பு, பல்லடம் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் பாயின்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவள். நானும் ஒரு காலத்தில் இதே ஸோனலில் ஆடியவன், இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. ஆகவே அப்பன் புலம்பலும் கொஞ்சம் கலந்திருக்கும், கழித்துவிட்டுப் படியுங்கள். ஆனால் ஓட்டலுக்கும் மிக்ஸிக்கும் ஸ்கூட்டர் சர்வீஸுக்கும் ரிவ்யூ எழுதுகிற நாம், நம் பிள்ளைகள் வருஷம் பூராவும் விடிகாலையில் எழுந்து ஓடிப் பழகிவிட்டுப் போய் நிற்கும் ஒரு சேவைக்கு எழுதாமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. குடியரசு தின விளையாட்டுப் போட்டி, பி.டி. வாத்தியார்கள் வாயில் ஆர்.டி.ஜி. 14, 17, 19 வயதுக்கு உட்பட்டவர்கள் என்று மூன்று பிரிவு. முதலில் குறுவட்டம், அதுதான் ஸோனல். அங்கே முதலிடம் வரும் அணி வருவாய் மாவட்டப் போட்டிக்கு. மாவட்டத்தில் முதலிடம் வந்தால் மாநிலம். நான் படித்த காலத்தில் நடுவில் டிவிஷன் என்று இன்னொரு படி இருந்தது. எல்லாச் சுற்றும் நாக்-அவுட். ஜெயித்தால் மேலே, தோற்றால் வேனில் ஏறு.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே நல்லது. எல்லோருக்கும் கதவு திறந்திருக்கிறது. ஏ.சி. பஸ்ஸில் வந்து இறங்கும் பள்ளியும், டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரும் பள்ளியும் ஒரே டிராவில், அதாவது யாரோடு யார் மோதுவது என்று போடும் ஒரே பட்டியலில். அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்துப் பள்ளிக் கூடைப்பந்து வெகுகாலம் இப்படித்தான் இருந்தது. 1954-ல் எழுநூறு பள்ளிகளுக்கு மேல் கலந்துகொண்ட போட்டியில், மொத்தமே 161 மாணவர் படித்த மைலன் என்ற சின்ன ஊர்ப் பள்ளி, மன்சி சென்ட்ரல் என்கிற பெரிய பள்ளியை 32-30 என்று அடித்து மாநிலக் கோப்பையைத் தூக்கியது. 1997-98-ல் இருந்து அங்கே மாணவர் எண்ணிக்கையை வைத்து நான்கு பிரிவாக்கிவிட்டார்கள், மைலன் மாதிரி ஒன்று இனி நடக்காதே என்ற சண்டை அதன் பிறகு ஓயவே இல்லை. நமக்கும் அப்படிப் பிரிவு வேண்டும் என்று சில பெற்றோர் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடு இல்லை. சின்னப் பள்ளி பெரிய பள்ளியோடு ஆடித் தோற்கட்டும், பரவாயில்லை. தோற்ற பிறகு இன்னொரு மேட்ச் கொடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

சரி, குறைகளுக்கு வருகிறேன். முதல் கோளாறு டிரா. காலையில் மைதானத்து மர நிழலில் ஒரு மேசை, துண்டுச் சீட்டு, வந்த வரிசையில் ஒவ்வொரு பி.டி. சாரும் ஒன்றை எடுப்பார். 11 அணி வந்திருந்தால் 16 கட்டம் போட்டு 5 அணிக்கு பை, அதாவது முதல் சுற்று ஆடாமலே அடுத்த சுற்று. பை விழுந்தவர்கள் நிழலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துவிட்டு, களைப்பில்லாமல் நேரே காலிறுதி ஆடலாம். சீட்டு என்பதால் யாரையும் குறை சொல்ல முடியாது, அதுதான் இதன் சௌகரியமே. எங்கள் ஸோனலில் போன வருஷம் ஃபைனல் ஆடிய ரெண்டு அணியும் இந்த வருஷம் முதல் மேட்சிலேயே எதிரெதிரே வந்து நின்றன. அதில் ஒன்று எங்கள் பிள்ளைகள். டிராவின் அடுத்த பாதியில் ஒரு அணி, பையும், எதிரணி ஆடாததால் ஒரு வாக்-ஓவரும் கிடைத்து, ஒரே ஒரு மேட்சை ஜெயித்து ஃபைனலுக்கு வந்துவிட்டது. அந்தப் பிள்ளைகள் மேல் தப்பே இல்லை, அவர்கள் சார் நல்ல சீட்டாக எடுத்தார், அவ்வளவுதான்.

இதைச் சரி செய்யக் காசு வேண்டாம், ஆள் வேண்டாம். போன வருஷம் முதல் ரெண்டு இடம் வந்த அணிகளை டிராவின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் எழுதிவிட்டு, மீதிப் பேருக்குச் சீட்டு எடுத்தால் போதும். சீடிங் என்று சொன்னாலே என்னவோ விம்பிள்டன் நடத்தச் சொன்ன மாதிரிப் பார்க்கிறார்கள்.

ரெண்டாவது, மைதானம். ஸோனல் பெரும்பாலும் ஆடி, ஆவணியில் வரும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேராக முகத்தில் அடிக்கும் எங்கள் ஊரில், ஆடிக் காத்துல அம்மியே பறக்கும் என்றால் 6.75 மீட்டர் தூரத்து மூன்று பாயின்ட் கோட்டிலிருந்து போட்ட பந்து எங்கே போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஊரைச் சுற்றிக் காற்றாலை நட்டிருக்கிறார்கள், அதற்குக் கீழே திறந்தவெளி சிமென்ட் கோர்ட்டில் த்ரீ-பாயின்டர் போடச் சொல்கிறார்கள். என் மகள் மேற்குப் பார்த்து ஆடிய பாதியில் வெளியிலிருந்து எறிந்த எதுவும் விழவில்லை, ஒரு பந்து போர்டையே தொடாமல் ஸ்கோரர் மேசையில் வந்து உட்கார்ந்தது. பாதியாட்டத்துக்குப் பிறகு பக்கம் மாறுவதால் ரெண்டு அணிக்கும் காற்று சமம்தானே என்பார்கள். பாஸ் கொடுத்து உள்ளே போய் ஆடும் உயரமான அணிக்கும், வெளியிலிருந்து எறிந்து பிழைக்கும் குள்ளமான அணிக்கும் காற்று சமம் இல்லைங்க.

மூன்றாவது விஷயம் கேட்டால் சிரிப்பீர்கள். பெண்கள் மேட்சுக்குக் கொடுத்த பந்து 7-ம் நம்பர். பெண்களுக்கு 6 தான் விதி. 7 அதைவிடச் சுற்றளவில் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் பெரிது, எடையும் கூட. வார்ம்-அப்பில் எங்கள் அணிப் பிள்ளை ஒருத்தி ரெண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, பந்தைத் திருப்பி நம்பரைப் படித்து, நேராக நடுவரிடம் போய், "சார், இது பசங்க பந்துங்க சார்" என்றாள். அவர் பாவம், வாலிபாலுக்கும் அவரே, கபடிக்கும் அவரே. எங்கள் பையிலிருந்து 6-ம் நம்பர் பந்தை எடுத்துக் கொடுத்தோம். எதிரணி அது எங்கள் பழகிய பந்து என்று ஆட்சேபித்தது, அதுவும் நியாயம்தான். கடைசியில் அவர்கள் கொண்டுவந்த 6-ம் நம்பரில் ஆடினோம்.

கடிகாரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முறைப்படி நான்கு குவார்ட்டர், ஒவ்வொன்றும் 10 நிமிஷம், விசில் அடித்தால் கடிகாரம் நிற்க வேண்டும். இங்கே மாலைக்குள் எல்லாப் பிரிவையும் முடிக்க வேண்டிய அவசரத்தில் குவார்ட்டரைச் சுருக்கி, கடிகாரத்தை நிறுத்தாமலே ஓடவிட்டார்கள். பந்து கோர்ட்டுக்கு வெளியே வேப்பமரத்தடிக்கு உருண்டு போய், ஒரு பொடியன் எடுத்து வருகிற நேரமும் ஆட்ட நேரம்தான். 24 விநாடிக்குள் பந்தை எறிந்தாக வேண்டும் என்று காட்டும் ஷாட் கிளாக் என்ற பேச்சே கிடையாது. கடைசி ஒன்றரை நிமிஷம் ரெண்டு பாயின்ட் முன்னால் இருந்த எதிரணி பந்தைத் தங்களுக்குள்ளேயே சுற்றவிட்டது. 24-22. நாங்கள் தோற்றோம். அவர்கள் செய்தது கெட்டிக்காரத்தனம்தான், அவர்கள் இடத்தில் நாங்கள் இருந்தாலும் அதையேதான் செய்திருப்போம். மைலன் பள்ளிக்காரர்களும் அந்த 1954 ஃபைனலின் கடைசிக் குவார்ட்டரில் நிமிஷக்கணக்காகப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்கள், அங்கேயும் அப்போது ஷாட் கிளாக் இல்லை.

மணி பதினொன்று ஆகவில்லை, எங்கள் வருஷம் முடிந்துவிட்டது. மதியத்துக்கு என்று வீட்டில் செய்து அண்டாவில் கொண்டுவந்த அரிசிம்பருப்புச் சாதத்தை யாரும் தொடவில்லை. எங்களை அடித்த அணி அடுத்த ரெண்டு மேட்சையும் இருபது பாயின்ட் வித்தியாசத்தில் ஜெயித்து மாவட்டத்துக்குப் போனது. ஆக அந்த ஸோனலின் ரெண்டாவது நல்ல அணி எது என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும், ஆனால் ரெண்டாம் இடச் சான்றிதழ் வேறொரு அணிக்கு.

வேனுக்குப் பக்கத்தில் நின்று எங்கள் பி.டி. டீச்சரிடம் கேட்டேன், இதையெல்லாம் மீட்டிங்கில் சொல்ல மாட்டீர்களா டீச்சர் என்று. "ஏனுங்ணா, சொல்லாம இருப்பமா? ஒவ்வொரு வருஷமும் சொல்றதுதானுங்க. நாள் பத்தாதுங்கறாங்க. காலாண்டுப் பரிச்சை வந்துருது, அதுக்கப்புறம் ஐப்பசி மழை. எந்த ஸ்கூல்லீங்ணா மூணு நாளைக்குப் பிள்ளைகளை விடுவாங்க?"

நாள் பற்றாது என்பதைத்தான் நான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன், அந்தக் கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை. கடைசி நான்கு அணிகளை எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது அரையிறுதி ரெண்டு, மூன்றாம் இடத்துக்கு ஒன்று, ஃபைனல் ஒன்று, ஆக 4 மேட்ச். அதையே லீக் ஆக்கினால் ஒவ்வொரு அணியும் மற்ற மூன்றோடும் ஆடும், மொத்தம் 6. கூடுதல் ரெண்டே ரெண்டு மேட்ச். ஜெயித்தால் 2 பாயின்ட், தோற்றால் 1, வராமல் போனால் பூஜ்யம், இது சர்வதேசக் கூடைப்பந்து விதியில் உள்ள கணக்குதான். மூன்று அணிகள் ஒருவரை ஒருவர் மாற்றி அடித்துச் சமமாக நின்றால் அவர்களுக்குள் போட்ட பாயின்ட் வித்தியாசத்தைப் பார்த்துக்கொள்ளலாம். நாக்-அவுட் கம் லீக் என்று நம் ஊர் கிளப் போட்டி நோட்டீஸ்களில் காலம் காலமாக அச்சடித்து வருவதுதான், புதிதாக எதுவும் கேட்கவில்லை. கோயமுத்தூரில் வ.உ.சி. பூங்கா பக்கம் நடக்கும் நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பையைப் பார்த்திருப்பீர்கள், ஐம்பது பதிப்பைத் தாண்டிய அகில இந்தியப் போட்டி, அதில் அணிகளைக் குழுவாகப் பிரித்து லீக் ஆடவிட்டு அப்புறம்தான் அரையிறுதி. அங்கே வரும் அணிகளுக்குக்கூட ஒரு மேட்ச் தோற்றால் ஊருக்குப் போ என்ற நிலை கிடையாது. பதினாறு வயசுப் பிள்ளைக்கு உண்டு.

லீக் முடியவே முடியாது என்றால் இன்னொரு வழி, எனக்கு இதுதான் அதிகம் பிடித்தது. ஸோனலில் இருந்து ரெண்டு அணி மேலே போகட்டும். அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் இந்த முறைதான், இண்டியானாவுக்குப் பக்கத்து மாநிலம், இன்றைக்கும் பெரிய பள்ளி சின்னப் பள்ளி என்று பிரிக்காமல் ஒரே கோப்பை வைத்திருக்கிறார்கள். மாநிலத்தை 64 வட்டமாகப் பிரித்து, நான்கு வட்டத்துக்கு ஒரு வட்டாரம் என்று 16 வட்டாரம். வட்டத்தில் ஃபைனலுக்கு வந்த ரெண்டு அணியும் வட்டாரப் போட்டிக்குப் போகும், ஆக வட்டாரத்துக்கு 8 அணி. அதில் ஜெயிக்கிற ஒன்று மாநிலத்துக்கு. அதுவும் நாக்-அவுட்தான், ஆனால் உள்ளூர் ஃபைனலில் ரெண்டு பாயின்ட்டில் தோற்ற அணிக்கு இன்னொரு உயிர் இருக்கிறது. நம் கணக்கில் ஒரு மாவட்டத்தில் 7 குறுவட்டம் என்று வைத்துக்கொண்டால், மாவட்டப் போட்டிக்கு 7-க்குப் பதில் 14 அணி, 6 மேட்சுக்குப் பதில் 13. ரெண்டு கோர்ட் உள்ள இடத்தில் வைத்தால் ஒரு நாள் கூடும்.

அப்படியானால் ஸோனல் ஃபைனலை யார் உயிரைக் கொடுத்து ஆடுவார்கள், ரெண்டு பேரும்தான் போகிறார்களே என்று ஒரு கேள்வி வரும். மாவட்ட முதல் சுற்றில் ஸோனல் முதலிடங்கள் எல்லாம் ரெண்டாமிடங்களோடு மோதும்படி டிரா போட்டால் தீர்ந்தது. முதலிடம் வந்தவனுக்கு அது போதுமான கூலி. ஆனால் ஒன்று, சீடிங்கும் சேர்ந்து வர வேண்டும், இல்லாவிட்டால் எங்களுக்கு நடந்த மாதிரி முதல் மேட்சிலேயே மோதி, ரெண்டாவது உயிரும் டிராவோடு போய்விடும்.

விளையாட்டு விடுதி அணிகள் விஷயத்தில் மட்டும் எனக்கு வேறு எண்ணம். பல மாவட்டங்களில் இருந்து தேர்ந்தெடுத்த பிள்ளைகள் ஒரே விடுதியில் தங்கி, பக்கத்துப் பள்ளியில் படித்து, அந்தப் பள்ளி பேரில் ஆடுகிறார்கள். அவர்கள் நன்றாக ஆடத்தான் வேண்டும், அதற்குத்தான் விடுதி. ஆனால் அந்த அணி விழுகிற ஸோனலில் மற்ற பத்துப் பள்ளிகளுக்கும் அந்த வருஷம் என்ன மிச்சம்? விடுதி அணியை நேராக மாவட்டத்தில் இறக்குங்கள், ஸோனல் இடம் உள்ளூர்ப் பள்ளிக்கு இருக்கட்டும். உயரமான பிள்ளைகளைத் தேடிப் பிடித்து ஃபீஸ் இல்லாமல் சேர்த்துக்கொள்ளும் தனியார் பள்ளிகளை என்ன செய்வது என்றால், அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

மாவட்டத்துக்கு ஒரே ஒரு இடம் என்பது அடுத்த தலைவலி. தமிழ்நாட்டில் 38 மாவட்டம். 2009-ல் திருப்பூர் தனி மாவட்டம் ஆகும் வரை எங்கள் பக்கத்துப் பள்ளிகள் மாநிலம் போக வேண்டுமானால் கோயமுத்தூர்க்காரர்களை அடித்தாக வேண்டும், அதாவது போகவே முடியாது என்று அர்த்தம். கலெக்டர் ஆபீஸ் வந்தது, கூடவே ஒரு மாநில இடமும் வந்தது, எங்களுக்குச் சந்தோஷம்தான். ஆனால் இப்போது கருமத்தம்பட்டியில் படிக்கிற பிள்ளை கோவை மாவட்டத்தில் ஆட வேண்டும், பஸ்ஸில் அரை மணி தூரத்தில் அவிநாசியில் படிக்கிற பிள்ளைக்குத் திருப்பூர். கோவையில் மாவட்ட அரையிறுதியில் தோற்கிற அணி, பல மாவட்டங்களில் நடந்து போய்க் கோப்பை வாங்கும். பட்டா சிட்டாவுக்காகப் போட்ட எல்லைதான் கூடைப்பந்துக்கும் எல்லையாக நிற்கிறது. எல்லா மாவட்டத்துக்கும் ஒரு இடம் கட்டாயம் இருக்கட்டும், அதை எடுத்துவிட்டால் பாதித் தமிழ்நாட்டில் ஆட்டமே செத்துப் போகும். அதற்கு மேல் போன வருஷம் மாநிலத்தில் கடைசி நான்குக்குள் வந்த மாவட்டங்களுக்கு மட்டும் இன்னொரு இடம் கொடுத்தால் மொத்தம் 42 அணி. இதனால் திருப்பூருக்கு ஒரு லாபமும் இல்லை, கோயமுத்தூருக்குத்தான் கிடைக்கும், தெரிந்தேதான் சொல்கிறேன்.

இதெல்லாம் வெறும் விளையாட்டுதானே, ஏன் இவ்வளவு என்று என் மச்சான் கேட்கிறார். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது, எந்த மட்டம் வரை ஆடினாய் என்பதை வைத்துத்தான் அங்கே பாயின்ட். சான்றிதழில் என்ன மட்டம் எழுதியிருக்கிறது என்பது ஒரு பிள்ளைக்குச் சீட்டு. கூடைப்பந்துச் சங்கம் நடத்தும் ஜூனியர், சப்-ஜூனியர் மாவட்டத் தேர்வு இருக்கிறதே, திறமை இருந்தால் அதில் போகலாமே என்பார்கள். போகலாம், அங்கே ஆளைத்தான் எடுப்பார்கள், அணியை இல்லை. அஞ்சடி ரெண்டங்குலத்தில் இருக்கும் என் மகள் அந்த வரிசையில் நின்றால் முதல் சுற்றிலேயே கண் அவளைத் தாண்டிப் போய்விடும். கூடவே ஆடிப் பழகிய நாலு பேரோடு சேர்ந்து நின்றால்தான் அவள் யாரென்று தெரியும், அதற்குப் பள்ளிப் போட்டியை விட்டால் வேறு வழி இல்லை.

நடுவர்களைப் பற்றி ஒரு வரி: நன்றாகவே ஊதினார்கள், அந்த வெயிலில் அந்தக் காற்றில் நாள் பூராவும் நின்று. மீதி அரை மார்க் அவர்களுக்காகவே போட்டேன்.

அடுத்த வருஷம் பிள்ளையை அனுப்பப் போகிறவர்களுக்கு: பிறந்த தேதிச் சான்றிதழும் எமிஸ் நம்பரும் பி.டி. சாரிடம் போய்ச் சேர்ந்ததா என்று முந்தின வாரமே பார்த்துவிடுங்கள், வயசுத் தகராறில் மேட்ச் ஆடாமலே திரும்பிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். டிரா எடுக்கும் நேரத்துக்கு உங்கள் சார் அங்கே இருக்கட்டும், இல்லாவிட்டால் மிச்சம் இருக்கிற சீட்டுதான் உங்களுக்கு. அணிக்கு உள்ளே போய் ஆட ரெண்டு வழியாவது பழக்கி வையுங்கள், ஆடி மாதத்தில் த்ரீ-பாயின்டரை நம்பிப் போகாதீர்கள். பெண்கள் அணி என்றால் புது 6-ம் நம்பர் பந்து ஒன்று, கவர் பிரிக்காமல், பில்லோடு கொண்டு போங்கள், பழகிய பந்து என்று யாரும் வாய் திறக்க முடியாது. மகளுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது, எங்கள் பந்து வாங்கியாயிற்று.